ஏரிக்கரைக்கு ஒரு நாள்

ஆடி பதினெட்டாம் நாள் நீர்நிலையை நாடிச் செல்வது நம்மவரின் தொன்றுதொட்ட வழக்கம். காவிரிக் கரையில் பிறந்தவர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காப்பரிசியும் மஞ்சட் சரடும் காதோலை கருகமணியும் ஆற்றன்னைக்குப் படைத்துவிட்டு, தூக்குப் பாத்திரங்களைத் திறந்து, புளியோதரையும் எலுமிச்சஞ் சாதமும் தயிர்ச் சாதமும் பகிர்ந்துண்ட நினைவு, பிழைப்பின் பொருட்டு மராட்டிய மண்ணில் குடியேறி எத்தனை ஆண்டு கழிந்தாலும் அழிவதில்லை. லோஹேகாவில் விமானங்களின் இரைச்சலுக்கிடையே குடியிருக்கும் நம் குடும்பங்கள் பல ஒருங்குகூடி ஓர் ஏரிக்கரைக்குச் சென்று வரலாம் என்ற பேச்சு இப்போது எழுந்திருப்பதில் வியப்பில்லை.

எங்கே, எப்பொழுது, எவ்வாறு என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு விடை கிடைக்கிறது. இளைஞர்கள் லவாசா என்கின்றனர். தாய்மார்கள் பூஷி அணை என்கின்றனர். பெரியவர்கள் கூட்டமில்லாத இடமாக இருக்கட்டும் என்கின்றனர். அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவர்கள் கூறுவதில்லை. இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடெழுதிப் பிழைக்கும் நம்மிடம் இதற்கொரு திட்டம் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் நேரங்களை மட்டும் எதிர்பார்த்தனர். எழுதத் தொடங்கிய பின், நேரத்தைவிட வேறு சில செய்திகள் முதன்மையானவை என்று தோன்றியதால் அது கட்டுரையாக நீண்டுவிட்டது.

முதலில் லவாசாவை எடுத்துக் கொள்வோம். மோசே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட வரஸ்காவ் அணையின் நீர்த்தேக்கக் கரையில், இத்தாலி நாட்டு ஊரொன்றின் சாயலில் எழுப்பப்பட்ட நகரம் அது. மஞ்சளும் செம்மண் நிறமும் பூசிய அடுக்கு வீடுகள், நீரோரமாக நடைபாதை, வளைந்த பாலம் என்று பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. போர்ட்டோஃபினோ என்ற இத்தாலிய ஊரை முன்மாதிரியாகக் கொண்டனர் என்பர். அந்த ஊர் ஏரிக்கரையில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மீனவர் வாழ்ந்த சிறு துறைமுகம் அது. கடலோரத்து ஊரைப் படியெடுத்துச் சஹ்யாத்திரி மலைக்குள் அணைநீரின் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்நகரின் கதையும் அத்துணை இனிமையானதன்று. 2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கட்டட வேலைகளை நிறுத்துமாறு ஆணையிட்டது. ஓராண்டுக்குப் பின் நிபந்தனைகளுடன் இசைவு கிடைத்ததெனினும் பணமுடை தீரவில்லை. 2018 ஆகஸ்டில் அந்நிறுவனம் நொடிப்பு வழக்கிற்கு உள்ளாயிற்று. வகுத்த ஊர்களுள் தாஸ்வே என்ற ஒன்றே பெரும்பாலும் உருப்பெற்றது. நமக்கு இவற்றினும் முக்கியமான குறை ஒன்றுண்டு: அங்கே இருப்புப்பாதை இல்லை. லோஹேகாவிலிருந்து நகரம் முழுவதையும் கடந்து, பின் மலைப்பாதை ஏறி, எழுபது கிலோமீட்டர் அளவில் பேருந்தை அமர்த்திக் கொண்டு போக வேண்டும். வளைவுகளில் குழந்தைகள் வாந்தியெடுப்பர். மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. 2024 ஜூலையில் அங்கே மலை சரிந்து வீடுகள் புதையுண்டன. சொந்த வாகனம் உள்ளவர்கள் குளிர்காலத்தில் போய்வரட்டும். ஐம்பது அறுபது பேர் கொண்ட கூட்டத்திற்கு அது ஏற்றதன்று என்பதே எம் முடிவு.

உண்மையான இத்தாலிய ஏரிக்கு ஒருநாள் போய்வர விரும்புவோர் என்ன செய்கின்றனர் என்பதை அறிவது நமக்கும் பயன்படும். அந்நாட்டின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கோமோ என்ற ஏரி இருக்கிறது. தலைகீழாய்க் கவிழ்த்த ஆங்கில ‘ஒய்’ எழுத்தின் வடிவம். பரப்பு 146 சதுர கிலோமீட்டர். ஆழம் நானூறு மீட்டருக்கும் மேல். பனியாறுகள் குடைந்த பள்ளம் அது. மிலான் நகரத்து நிலையத்தில் காலையில் வண்டியேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வரேன்னா என்ற கரையூரில் இறங்கலாம். அங்கிருந்து படகில் கால்மணி நேரம் போனால் பெல்லாஜியோ. இரு கிளைகளும் பிரியும் முனையில் அமைந்த ஊர். மறுபடியும் படகேறினால் மெனாஜியோ. இவ்வாறு ஒரு சீட்டுக் காகிதமும் ஒரு கால அட்டவணையும் கையிலிருந்தால் மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு மிலான் திரும்பிவிடலாம். நான்காவது ஊருக்கு ஆசைப்பட்டவன் கடைசிப் படகைத் தவறவிடுவான். ஏரி பெரிது, நாள் சிறிது என்பதை உணர்ந்து இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்திக் கொள்பவனே அங்கே நிம்மதியாகச் சுற்றுகிறான்.

கோமோ நகரத்தில் 1745-ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா. மின்கலத்தை உருவாக்கியவர். மின்னழுத்தத்தை இன்று நாம் ‘வோல்ட்’ என்று அளப்பது அவர் பெயரால். இந்தச் செய்தியை ஏன் இங்கே நுழைத்தோம் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

வண்டியில் சென்று இறங்கி, கால்நடையாகவோ ஆட்டோவிலோ ஏரியை அடையத்தக்க இடம் நமக்கும் ஒன்றிருக்கிறது. அதுதான் லோனாவளா. புனே நிலையத்திலிருந்து 64 கிலோமீட்டர். நடுவிலுள்ள சிவாஜிநகர், கட்கி, தாபோடி, பிம்ப்ரி, சிஞ்ச்வட், தேஹூ ரோடு, தளேகாவ், காம்ஷேத், மளவ்லி முதலிய நிலையங்களில் நின்று நின்று, லோக்கல் வண்டி ஒன்றரை மணிக்குள் கொண்டு சேர்க்கிறது. கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் பாதுகாப்புத்துறைப் பணிமனைகளை ஒட்டி நம் தமிழர் பலர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களும் அந்தந்த நிலையத்திலேயே நம்முடன் ஏறிக்கொள்ளலாம் என்பது இத்திட்டத்தின் தனிச் சிறப்பு.

நமக்கும் லோனாவளாவுக்கும் உள்ள உறவு வண்டியோடு முடிவதில்லை. இந்திராயணி ஆறு அம்மலைகளில்தான் பிறக்கிறது. தேஹூவைத் தொட்டு, ஆளந்தியைத் தொட்டு, நம் ஊருக்கு வடகிழக்கே துளாபூரில் பீமாவோடு கலக்கிறது. துகாராம் மகாராஜ் வாழ்ந்த ஊர் தேஹூ. அவருடைய தாயார் பிறந்த ஊர் நம் லோஹேகாவ் என்று இவ்வூர் மக்கள் பெருமையோடு கூறுவதை அனைவரும் கேட்டிருப்போம். மருமகள் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் நடுவே ஓடிய ஆற்றின் பிறப்பிடத்தைத்தான் நாம் காணப் போகிறோம்.

லோனாவளாவை ஊராக்கியது இருப்புப்பாதை. புனேயிலிருந்து கண்டாலா வரையிலான பாதை 1858-இல் திறக்கப்பட்டது. மும்பைப் பக்கத்திலிருந்து மலையடிவாரம் வரை மற்றொரு பாதை வந்து நின்றது. நடுவே போர் கணவாய். அந்த ஐந்தாண்டுகளில் பயணிகள் அடிவாரத்தில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மலையேறி, மேலே காத்திருக்கும் வண்டியைப் பிடித்தார்களாம். 1863-இல்தான் மலைப்பாதை முடிந்தது. முப்பத்தேழு அடி ஓடினால் ஓரடி ஏறும் ஏற்றம், இருபத்தைந்து சுரங்கங்கள். வேலை மும்முரமாயிருந்த காலத்தில் நாற்பதினாயிரம் பேருக்கு மேல் உழைத்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் பாறை வெடியிலும் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். 1859-இல் குத்தகையை ஏற்று இங்கிலாந்திலிருந்து வந்த சாலமன் ட்ரெட்வெல் என்பவர் கரையிறங்கிய ஒரு மாதத்திற்குள் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் அம்மையார் அக்குத்தகையைத் தாமே ஏற்று நடத்தி முடித்தார். இன்று நாகர்கோவில் வண்டி மும்பையிலிருந்து நம்மவரைச் சுமந்து வரும்போது, கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்களைக் கோத்துக்கொண்டு ஏறுவது அந்த மலைதான். கோடைக்கானல் ஏரியை வெட்டியதும் அதே 1863-ஆம் ஆண்டு என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.

மலையேறும் நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியைப் போலவே தண்ணீரும் வேண்டும். அதற்காக அன்றைய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே நிறுவனம் 1860-களில் இந்திராயணியின் குறுக்கே கட்டிய சிறு அணைதான் பூஷி. இன்று சினிமாவிலும் கைப்பேசியிலும் பார்த்து நம் பிள்ளைகள் துள்ளுகிறார்களே, அந்தப் படிக்கட்டு அணை, எஞ்சின் தாகம் தீர்க்கப் பிறந்தது. 1929-இல் இப்பாதை 1500 வோல்ட் மின்சாரத்துக்கு மாறிய பின் எஞ்சினுக்குத் தண்ணீர் தேவையற்றுப் போயிற்று. நாம் இன்னமும் பழக்கத்தால் புகைவண்டி என்கிறோம். இந்தப் பாதையை விட்டுப் புகை அகன்று ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது.

மின்சாரத்தின் கதையும் இவ்வேரிகளோடு சேர்ந்ததே. லோனாவளா, வல்வண், ஷிரவடா என்ற ஏரிகளை டாட்டா நிறுவனத்தார் கட்டினர். கிழக்கே போய் வங்கக் கடலில் சேர வேண்டிய நீரைத் தேக்கி, மேற்கே திருப்பி, குழாய்கள் வழியாக ஐந்நூறு மீட்டருக்கு மேல் கீழே விழச் செய்து, 1915-இல் கோபோலியில் மின்சாரம் எடுத்தனர். மும்பையின் நூற்பாலைகள் அதில் ஓடின. இத்தாலியில் ஏரிக்கரையில் பிறந்தவரின் பெயர் இங்கே ஏரியில் பிறந்த ஆற்றலின் அளவாக நின்றது. இதற்காகவே வோல்ட்டாவை முன்னர்க் குறிப்பிட்டோம். ஆனால் அணை என்றால் எங்கும் ஒரே கதை இல்லை. இதே நிறுவனம் முல்ஷியில் அணை கட்ட முற்பட்டபோது நிலமிழந்த உழவர்கள் சேனாபதி பாபட் தலைமையில் 1921 முதல் சத்தியாக்கிரகம் செய்தனர். அணை எழுந்தது, ஊர்கள் நீரில் மூழ்கின. அழகான நீர்ப்பரப்பைக் காட்டிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பெரியவர்கள் இதையும் சொல்லலாம்.

இனி, தாய்மார்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

ஆடிப்பெருக்கன்று பூஷி அணைக்குப் போக வேண்டும் என்பதே பலருடைய விருப்பம். இந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்று வலியுறுத்துகிறோம். 2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. புனே ஹடப்சர் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் விடுமுறைக்கு லோனாவளா வந்தனர். அணையின் பின்புறம், மலையிலிருந்து இறங்கி அணைநீரில் விழும் அருவியின் நடுப்பாறையில் நின்றுகொண்டிருந்தனர். மலைமேல் பெய்த மழையால் நீர் திடீரென்று உயர்ந்தது. ஒருவரை ஒருவர் இறுகப் பற்றிக்கொண்டு நின்றனர். கரையில் இருந்தோர் கூக்குரலிட்டனரே அன்றி எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஒரு பெண்ணும் நான்கு சிறார்களும் மாண்டனர். சிறார்களில் ஒன்றுக்கு நான்கு வயது.

மறு ஆண்டு, 2025 ஜூன் 15. அதுவும் ஞாயிற்றுக்கிழமையே. அதே இந்திராயணி, தளேகாவ் அருகே குண்ட்மளா என்னுமிடம். ஆற்றின் மேலிருந்த பழைய இரும்புப் பாலத்தில் பொங்கும் நீரைக் காண மக்கள் திரண்டு நின்றனர். பாலம் இற்று விழுந்தது. நால்வர் இறந்தனர், ஐம்பது பேருக்கு மேல் காயமுற்றனர். அந்தப் பாலம் ஆபத்தானது என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் சிக்கியவர்கள் குடித்துவிட்டுக் கூத்தடித்தவர்கள் அல்லர். நம்மைப் போல் பிள்ளைகுட்டிகளோடு, கட்டுச்சோற்றோடு, ஒரு விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்கள். ஆகையால் ‘நாம் கவனமாக இருப்போம்’ என்று சொல்லிக் கொள்வது போதாது. அங்கே நீர் நடந்துகொள்ளும் முறையை அறிய வேண்டும்.

தஞ்சை நாட்டில் காவிரி சமவெளியில் ஓடுகிறது. மேட்டூரில் திறந்த நீர் வந்து சேர நாள்கள் ஆகும். தண்டோராவும் முன்கூட்டியே வரும். படித்துறையில் நீர் ஒரு படி ஏறுவதைக் கண்ணால் கண்டு மேலே ஏறி வரலாம். மலையுச்சி ஓடை அவ்வாறன்று. ஆண்டு முழுவதும் புனேயில் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் லோனாவளாவில் 4000 மில்லிமீட்டருக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி ஆனி, ஆடி, ஆவணியில் கொட்டிவிடும். நாம் நிற்கும் இடத்தில் தூறல் மட்டும் இருக்கும். மேலே ஒரு மைல் தொலைவில் வானம் பிளந்திருக்கும். வழுக்குப் பாறை மீது ஓடிவரும் அந்த நீரை உறிஞ்ச மண்ணில்லை, நிறுத்த ஏரியில்லை. கணுக்காலளவு நீர் இடுப்பளவாக ஒரு சில நிமிடங்களே போதும். பாறைகளில் பாசி வேறு. இடுப்பளவு நீர் விரைந்து ஓடும்போது வளர்ந்த ஆண்மகனும் நிற்க முடியாது. கைகோத்து நிற்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஒருவர் கால் வழுக்கினால் அனைவரையும் அதுவே இழுத்துக்கொண்டு போகிறது.

2024-க்குப் பின் மழைக்காலத்தில் அவ்விடங்களில் அரசு தடைகள் விதிக்கிறது, காவலர் நிற்கின்றனர். மாலை ஆறு மணிக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் ஆணை வந்தது. தடையை மீறாமல் போனாலுங்கூட ஞாயிற்றுக்கிழமையன்று சாலையில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். பாதிப் பொழுது அதிலேயே கழியும்.

அப்படியானால் ஆடிப்பெருக்கை விட்டுவிடுவதா? அன்று செய்ய வேண்டியதை வீட்டிலேயே குடத்து நீரில் மஞ்சள் இட்டுச் செய்வதை ஊரிலும் பலர் மேற்கொண்டிருக்கின்றனர். ஏரிக்கரைச் சாப்பாட்டை மட்டும் ஒத்திப்போடுவோம். எந்நாளுக்கு என்பதே கேள்வி. புரட்டாசியில் நவராத்திரி வரும். கார்லா மலையில் உள்ள ஏக்வீரா தேவி கோயிலுக்குக் கோலி மக்களும் பிறரும் திரள்வர், நெரிசல் தாங்காது. விஜயதசமி கழிந்து தீபாவளிக்கு முன் வரும் ஒரு சனிக்கிழமையே ஏற்றது என்பது எம் கருத்து. ஐப்பசி அடைமழை என்பது நம் நாட்டுப் பேச்சு. இங்கே ஐப்பசி பிறக்கும்போது வானம் வெளுத்திருக்கும், ஏரிகள் நிறைந்திருக்கும், மலையில் பச்சை இன்னும் வாடியிராது. காவிரிக்கும் ஐப்பசி உகந்த மாதமன்றோ! துலா முழுக்குக்கு மாயூரத்தில் கூட்டம் கூடுவது அம்மாதத்தில்தானே. ஆதலால் ஆடியை ஐப்பசியாக்கினால் காவிரியம்மன் கோபிக்க இடமில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்குமே என்பார்கள். சனிக்கிழமை ஒரு நாள் பள்ளிக்கு விடுப்பெடுத்தால் பெரிய இழப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துத் தேடுவதினும் அது நன்று.

அன்றைய ஒழுங்கு இவ்வாறு அமையலாம். லோஹேகாவிலிருந்து முதற் பேருந்தில் புறப்பட்டுக் காலை ஆறரைக்குள் புனே நிலையத்தில் கூட வேண்டும். காலை லோக்கல் வண்டிகள் அடுத்தடுத்து உண்டு. முற்பகல் பத்து மணிக்குப் பின் வண்டிகளுக்கு இடையே நெடுநேரம் இடைவெளி விழும். பாதைப் பராமரிப்புக்கு அந்நேரம் ஒதுக்கப்படுகிறது. ‘அடுத்த வண்டியில் வருகிறோம்’ என்று காப்பி குடிக்கப் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்க. லோக்கல் வண்டியில் இடம் பதிவு செய்ய இயலாது. வண்டி புறப்படும் நிலையத்திலேயே ஏறினால் முதியோர்க்கு அமர இடம் கிடைக்கும். அட்டவணை மாறுவதுண்டு, ஆகவே முந்தின வாரத்தில் நிலையத்தில் பார்த்து நேரங்களை உறுதி செய்து அறிவிப்போம்.

பயணச்சீட்டைப் பற்றி ஒரு சொல். முதலில் மளவ்லியில் இறங்கப் போகிறோம். லோனாவளா நிலையத்திற்கு முந்தியது அது. லோனாவளாவுக்குச் சீட்டெடுத்துவிட்டு நடுவில் இறங்கி, பிறகு அதே சீட்டில் ஏறுவது இவ்வளவு குறுகிய பயணத்தில் செல்லாது. ஆகவே புனேயிலிருந்து மளவ்லிக்கு ஒரு சீட்டு. மாலையில் லோனாவளாவிலிருந்து புனேக்கு ஒரு சீட்டு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரைச் சீட்டு. மற்றொன்று: திரும்பும்போது எதிரில் வந்து நிற்கும் எக்ஸ்பிரஸ் வண்டியில் லோக்கல் சீட்டோடு ஏறிவிடக் கூடாது. பரிசோதகர் நம்மவராகவே இருந்தாலும் அபராதம் அபராதந்தான்.

காம்ஷேத் தாண்டியதும் இடப்புற ஜன்னலில் லோஹகட், விசாபூர் என்ற இரு கோட்டைகளும் தெரியும். லோஹகட் 2025-இல் மராட்டியக் கோட்டைகள் வரிசையில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஏறிப் பார்க்க அன்று நேரம் போதாது. ஜன்னலோடு சரி.

மளவ்லியிலிருந்து கார்லா குகைகளுக்கு ஆட்டோவில் போகலாம். முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஏறியவர்க்குக் கிடைப்பது, இந்தியாவில் பாறையைக் குடைந்து செய்த பௌத்த சைத்தியங்களுள் பெரியது. நாற்பது மீட்டருக்கு அணித்தான நீளம். இருமருங்கும் யானைகள் மேல் மாந்தர் அமர்ந்த தூண்கள். கூரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மரவிலாக்கள் இன்றும் நிற்கின்றன. நம்மவர் அங்கே கவனிக்க வேண்டியது கல்வெட்டுகளை. வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற வணிகன் இம்மாளிகையை முற்றுவித்தான் என்றும், ஜம்புத்தீவிலேயே இதுவே சிறந்தது என்றும் ஒரு கல்வெட்டுப் பெருமை பேசுகிறது. வைஜயந்தி என்பது கன்னட நாட்டு வனவாசி என்பர் அறிஞர். அதாவது தென்னாட்டிலிருந்து பிழைக்க வந்தவன்! தூண்களை அளித்தவர்களில் யவனரும் இருந்தனர். ஆளுக்கொரு தூண் கொடுத்துத் தத்தம் பெயரையும் ஊரையும் பொறித்திருக்கின்றனர். நம் கோயில் குழல்விளக்கின் மேல், ஒளியை மறைத்துக்கொண்டு, ‘உபயம்’ என்று எழுதுகிறோமே, அந்த வழக்கம் எத்துணைப் பழையது பாருங்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குரங்குகள் மிகுதி, தின்பண்டம் எதையும் கையில் ஏந்திச் செல்ல வேண்டாம்.

படியேற இயலாத பெரியவர்கள் மளவ்லியில் இறங்காமல் நேரே லோனாவளா செல்லலாம். அவர்கள் சீட்டு வேறு என்பதால் முன்னரே தெரிவிக்க வேண்டும். அவர்களோடு சாப்பாட்டுத் தூக்குகளையும், அவற்றைச் சுமக்க இரண்டு இளைஞர்களையும் அனுப்பிவிடலாம். நண்பகலில் அனைவரும் லோனாவளாவில் கூடி உண்டு, சற்று இளைப்பாறி, மூன்று மணி அளவில் பூஷிக்குப் போவோம். மழை ஓய்ந்த காலத்தில் அது சாதுவான குளம். கரையில் நின்று, எஞ்சினுக்காகக் கட்டிய அணையைப் பார்த்து, ஆற்றன்னைக்குப் பூவிட்டுத் திரும்புவோம். அன்றும் நீரில் இறங்குவது கிடையாது. கண்டாலா முனையையும் புலிமுனையையும் பவனா ஏரியையும் சேர்த்துக் கொள்ளலாமே என்று கேட்போர்க்குக் கோமோ ஏரியின் கடைசிப் படகை நினைவூட்டுகிறோம்.

ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்று புறப்படுமுன்பே பெயர் குறித்துவிட வேண்டும். அவருக்கு அன்று வேறு வேலை இல்லை: பரிமாறுவதில்லை, படம் பிடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்னும்போது ஒருவரும் பார்ப்பதில்லை என்பது கூட்டமாகப் போனவர் அனைவரும் அறிந்தது. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் தகப்பனார் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். மராத்தியிலும் எழுதுவது நலம். வண்டி ஏறுமுன் ஒரு முறை, இறங்கியபின் ஒரு முறை தலை எண்ண வேண்டும்.

லோனாவளாவில் சிக்கி வாங்காமல் திரும்ப நம் சகோதரிகள் இசையமாட்டார்கள். இருப்புப்பாதை போட்ட வேலையாட்களுக்கு விற்ற ‘குட்தானி’ என்ற வெல்லக் கடலையே பிற்காலத்தில் சிக்கி ஆயிற்று என்பர். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இரண்டில் எது மேல் என்ற வழக்கை வண்டியில் திரும்பும்போது வைத்துக் கொள்ளலாம். எம் தீர்ப்பு கோவில்பட்டிக்கே. எப்படியாயினும், வண்டி நேரத்துக்கு அரைமணி முன்னதாகக் கடைவீதியை விட்டு நடைமேடைக்கு வந்துவிட வேண்டும்.

வர விரும்பும் குடும்பத்தார் சரஸ்வதி பூஜைக்குள் சங்கத்தில் பெயர் கொடுக்கலாம். கொடுக்கும்போது பிள்ளைகளின் வயதையும், படியேற முடியாதவர் எத்தனை பேர் என்பதையும், எந்த நிலையத்தில் ஏறுவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் சீட்டுக்கும் ஆட்டோவுக்கும் அரிசிக்கும் கணக்குப் போட எளிதாகும்.